கலானந்த்.ஆடை

கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் கலைப்பிரியா மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தாள். பூப்போட்ட ஊதா நிற நைட்டி. கழுத்துப் பட்டி கோணலாக இருந்தது. அக்குள் பக்கம் தையல் பிரிந்து நூல் தொங்கியது. கழுத்துக்குப் பின்னால் தைத்திருந்த துணி லேபிளில் 'கலானந்த்' என்று எழுதியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு.

"அக்கா, உங்ககிட்ட நாலு வருஷமா வாங்கிக்கினு இருக்கேன். இப்பிடி ஒரு பீஸ அனுப்புவீங்கன்னு நினைக்கல. ஒரு தண்ணிக்கே சாயம் போயிடுச்சு. பாக்கெட்டு கூட இல்ல. துபாயில இருக்கிற தங்கச்சிக்குக் குடுத்தனுப்பலாம்னு பார்த்தேன், பேஜாராப் போச்சு."

கலானந்த் நைட்டியில் பாக்கெட் இல்லாமல் இருக்காது. வலது பக்கத் தையலுக்குள், வெளியே தெரியாதபடி, செல்போனும் சாவிக்கொத்தும் போகிற ஆழத்துக்கு ஒரு பாக்கெட். திண்டிவனத்தில் கலைப்பிரியா நடத்தும் தையல் கூடத்தில் பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். அந்தப் பாக்கெட்டைத் தைக்கத் தெரியாத யாரையும் அவள் மெஷினில் உட்கார வைத்ததில்லை.

"எங்க வாங்கினீங்கம்மா?" என்று கேட்டு அனுப்பினாள். பதிலுக்கு ஓர் இணைப்பு வந்தது. திறந்தால், கலானந்த் என்று ஆங்கிலத்தில் எழுதி டாட் காம் போட்ட ஒரு பக்கம். அதில் இருந்த படங்கள் எல்லாம் கலைப்பிரியா இன்ஸ்டாகிராமில் போட்டவை. ஹேங்கரைப் பிடித்திருக்கும் கை கூட அவளுடைய மூத்த தையல்காரி அன்புச்செல்வியின் கை.

"என் வளையல்தான்" என்றாள் அன்புச்செல்வி, எட்டிப் பார்த்து. "யாருடி இவன், என் கையக் காட்டி யாவாரம் பண்றவன்?"

முகவரி எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. கலைப்பிரியா கோட்டக்குப்பத்துப் பெண்ணுக்கு வேறு நைட்டி அனுப்புவதாகச் சொல்லி, அந்த ஊதா நைட்டியைத் தனக்குக் கூரியரில் அனுப்பச் சொன்னாள். மறுநாள் காலை விழுப்புரம் பஸ் ஏறினாள்.

*

விழுப்புரத்தில் டிரேட்மார்க் பதிவு செய்து கொடுக்கும் அருணாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் 'கலானந்த்' என்ற பெயரைப் பதிவு செய்து கொடுத்தவள் அவள்தான். அப்போது கலைப்பிரியாவும் அவள் கணவன் ஆனந்தராஜும் சேர்ந்து இதே நாற்காலிகளில் உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கலையும் ஆனந்தும் சேர்ந்தால் கலானந்த். கண்டுபிடித்தவன் ஆனந்தராஜ். ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான்.

விழுப்புரம் கடையை ஆனந்தராஜ் பார்த்துக்கொண்டான், தையலைக் கலைப்பிரியா பார்த்துக்கொண்டாள். பிறகு அவனுக்கு, தைத்து விற்பதை விட வெளியூரில் மொத்தமாக வாங்கி விற்பது சுலபம் என்று தோன்றியது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கடையில் ஆரம்பித்த பேச்சு வீட்டுக்கு வந்தது, சாப்பாட்டில் வந்தது, உறவுக்காரர்களின் கல்யாணங்களில் கூட வந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் பிரிந்தார்கள். கடை அவனுக்கு, மெஷின்கள் அவளுக்கு என்று பேசிக்கொண்டார்கள். பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் போர்டை 'ஆனந்த் டெக்ஸ்டைல்ஸ்' என்று மாற்றிக்கொண்டான். அவள் திண்டிவனத்தில் தன் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, பழைய லேபிளையே தைத்துக்கொண்டிருந்தாள். வாடிக்கைக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

அருணா அந்தப் போலிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இத எடுக்க வைக்கறது வேற வேலைங்க மேடம். புகார் குடுக்கலாம், குடுப்போம். ஆனா மாசக்கணக்குல இழுக்கும். அதுக்குள்ள உங்க பேர்ல நிஜமான முகவரி ஒண்ணு இருந்தா நல்லது. நீங்க சரியான நேரத்துல வந்திருக்கீங்க."

துணிக் கடைகளுக்கென்று தமிழிலேயே '.ஆடை' என்று முடியும் இணைய முகவரிகள் வரப்போவதை அவள் சொன்னாள். எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு முன்னால் ஒரு மாதம், பதிவான டிரேட்மார்க் வைத்திருப்பவர்கள் மட்டும் தங்கள் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

"அந்த ஒரு மாசம் முடிஞ்சா?"

"யார் முதல்ல கேக்கறாங்களோ அவங்களுக்கு. அந்த டாட் காம்காரன் கூடக் கேக்கலாம்."

"எப்ப வரைக்கும் டைம் இருக்கு?"

"இருபத்தொண்ணு கடைசி. இன்னைக்கு நாலு. முதல்ல உங்க மார்க்க ஒரு உலகப் பதிவேட்டுல ஏத்தணும். நிஜமாவே அந்தப் பேருல யாவாரம் நடக்குதான்னு பார்ப்பாங்க. துணியில தொங்கற ஒரு டேக், ஒரு உறுதிமொழிக் கடிதம், அவ்வளவுதான். பார்த்து ஓகே பண்ணி ஒரு கோடு நம்பர் குடுப்பாங்க. அத வச்சுத்தான் முகவரியக் கேக்க முடியும். ஜல்தியா பண்ணிடலாம்."

கலைப்பிரியா பையிலிருந்து பத்து டேக்குகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அருணா பதிவு எண்ணைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்ப்யூட்டரைக் கலைப்பிரியா பக்கம் திருப்பினாள்.

"இந்த நம்பருக்கு ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் இருக்குங்க. ரெண்டு வாரம் ஆச்சு. திருத்தம் தேவைன்னு நிக்குது."

விண்ணப்பதாரர் பெயர் இருந்த இடத்தில் ஆனந்தராஜ் என்று இருந்தது.

கலைப்பிரியா டேக்குகளைத் திரும்பப் பைக்குள் போட்டாள். அருணா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு, "அவர் கடை அதே இடத்துலதான இருக்கு?" என்று கேட்டாள்.

"அதே இடம்தாங்க."

*

அந்தத் தெருவில் அவள் கால் வைத்து ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. பாத்திரக் கடை செல்போன் கடையாகியிருந்தது. ஆனந்த் டெக்ஸ்டைல்ஸ் வாசலில் தொங்கிய துண்டுகளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

கலைப்பிரியாவுக்கு அந்த முகம் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திண்டிவனம் கூடத்துக்கு வந்து, அம்மாவுக்கு இரண்டும் தனக்கு ஒன்றுமாக நைட்டி வாங்கிப் போகும் மரக்காணத்துப் பெண். பேரம் பேச மாட்டாள். பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

"நீங்க இங்க வேலை செய்றீங்களா?"

"இல்லக்கா. எம்பேரு ரோஜா. அவரு வீட்டுக்காரி நான்."

ஆனந்தராஜ் மறுபடி கல்யாணம் செய்துகொண்டது கலைப்பிரியாவுக்குத் தெரியும். பெண் கடலோரத்துக் குடும்பம் என்று யாரோ சொன்னார்கள். போட்டோவைக் காட்ட வந்தவர்களிடம் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தாள்.

"தெரிஞ்சேதான் எங்கிட்ட வந்து வாங்கினியா?"

"தெரிஞ்சுதான் வந்தேன்" என்றாள் ரோஜா. "முதல் தடவ உங்களப் பார்க்கணும்னு வந்தேன். அப்புறம் துணிக்காகத்தான் வந்தேன். சொல்லியிருக்கணும், சொல்ல வாய் வரல. உக்காருங்கக்கா."

கலைப்பிரியா உட்காரவில்லை. இணைய முகவரிக்கு விண்ணப்பம் போட்டது யார் என்று கேட்டாள். ரோஜா மறைக்கவில்லை. தன் செல்போனில்தான் போட்டதாகச் சொன்னாள். டிரேட்மார்க் பதிவில் ஆனந்தராஜின் மெயில்தான் இருந்தது, அதனால் '.ஆடை' பற்றிய அறிவிப்பு அவனுக்கு வந்தது, இவள் படித்துச் சொன்னாள். போடு என்று அவன் சொன்னான், இவள் போட்டாள். வியாபாரம் நடப்பதற்கு அடையாளமாக ஒரு டேக் கேட்டிருந்தார்கள். கடையில் கலானந்த் டேக் ஒன்று கூட இல்லை. அதனால் தன் பீரோவில் இருந்த புது நைட்டியின் டேக்கைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள்.

"அதுல திண்டிவனம் அட்ரஸ் இருக்கு. இவரு விழுப்புரம். அதான் திருப்பி அனுப்பிட்டாங்க." போனைத் திறந்து காட்டினாள். டேக்கில் உள்ள முகவரி விண்ணப்பதாரருடையது அல்ல என்றும், சான்றிதழில் உரிமையாளர்கள் இரண்டு பேர் இருப்பதால் மற்றவரின் கையெழுத்தும் வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் வந்திருந்தது.

கலைப்பிரியா தன் நைட்டியின் டேக்கைத் திருட்டுக் கொடுத்தவளைப் போலத் திரையைப் பார்த்தாள். ஆனால் கோபம் ரோஜாமேல் நிற்கவில்லை. அந்தப் பெண் உண்மையைச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. வளவனூருக்குச் சரக்குப் போட்டுவிட்டு வந்த ஆனந்தராஜ், காலிச் சாக்குகளோடு உள்ளே நுழைந்தவன், அப்படியே நின்றான். முன்தலையில் வழுக்கை நன்றாக ஏறியிருந்தது.

"கலை, எப்ப வந்த?"

"கலானந்த் பேரக் கேட்டு எழுதி அனுப்பியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டு வந்தேன்."

அவன் சாக்குகளை ஓரமாக வைத்தான். ரோஜாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"ஆமா, அனுப்பினேன். பொய் சொல்ல மாட்டேன். யாவாரம் முன்ன மாதிரி இல்ல. இன்னைக்கும் வந்து, 'கலானந்த் இருக்கா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்க. வெளியூர்ல மொத்தமா லாட் சரக்கு எடுத்து, கலானந்த் லேபிள் போட்டு, ஆன்லைன்ல வித்தா ஓடும்னு நினைச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

"எப்பிடிக் கேப்பேன்? உன் நம்பரு எங்கிட்ட ஏது?"

"டேக்ல போட்டிருக்கே" என்றாள் ரோஜா.

யாரும் சிரிக்கவில்லை. ஆனந்தராஜ் கல்லாப் பக்கம் போய் நின்றான்.

"பேர்ல பாதி என்னுது, கலை. நீ மட்டும் அஞ்சு வருஷமா வச்சிக்கினு இருக்க. நான் ஏதாவது கேட்டேனா? இப்ப இந்த முகவரி வந்திருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்குவோம். உன் சரக்கும் போடு, என் சரக்கும் போடறேன்."

"அந்தப் பேர்ல லாட் சரக்கு வராது."

"அப்ப நான் கையெழுத்துப் போட வேண்டியதில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. விலை படியாத வாடிக்கையாளரிடம் சொல்வதைப் போலச் சொன்னான். கலைப்பிரியாவும் குரலை உயர்த்தவில்லை. "நானும் போட வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெரு முனை வரை போனபின்தான், ரோஜா காபிக்கு டம்ளர் எடுத்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக் கூட்டம் ஏறியது. எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் உடுத்தியிருந்தது நைட்டிதான், மேலே ஒரு துண்டு. கலைப்பிரியாவின் கண் தானாக வலது பக்கத் தையலுக்குப் போனது. பாக்கெட் இல்லை. செல்போனை அந்த அம்மாள் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

பேர்ல பாதி என்னுது என்று அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

*

அடுத்த வாரம் முழுக்க அவள் வேறு பெயர்களை யோசித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தையல்காரிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சின்னக்கண்ணு தன் பேத்தியின் பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி ஒரு சீரியல் கதாநாயகியின் பெயரைச் சொன்னாள். அன்புச்செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"புதுப் பேரு வச்சா, அந்த டாட் காம்காரன் கலானந்த் நான்தான்னு உக்காந்துக்குவான். நாம போய், எங்க பழைய பேரு அதுன்னு ஊர் ஊரா சொல்லிக்கினு திரியணும்" என்றாள். "ஆறாயிரம் லேபிள் வேற அடிச்சு வச்சிருக்க."

"அவர் ஒத்துக்க மாட்டாரு."

"அவரு ஒத்துக்கலன்னா நீயும் விட்டுடுவியா? உனக்குப் பேரு வேணுமா, அவரு தோத்துட்டாருன்னு பார்க்கணுமா?"

கலைப்பிரியா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அன்று சாயங்காலம் கோட்டக்குப்பத்திலிருந்து அந்த ஊதா நைட்டி கூரியரில் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தாள். லேபிளின் எழுத்து கூட அவளுடையதைப் பார்த்துச் செய்ததுதான். துணி மட்டும் கையில் நிற்காமல் வழுக்கியது.

பதினைந்தாம் தேதி அருணா போன் செய்தாள்.

"மேடம், நாளைக்கு ஒரு தடவ வர முடியுமா? அவங்க சரிபார்க்கவே மூணு நாலு நாள் எடுத்துப்பாங்க. நாளைக்கு அனுப்பலன்னா அவ்வளவுதான். அவரையும் கூப்பிட்டிருக்கேன். ஒத்துக்கிட்டாலும் சரி, ஒத்துக்கலன்னாலும் சரி, ரெண்டு பேரும் எம்முன்னாடி சொல்லிடுங்க."

*

மறுநாள் அவள் போனபோது ஆனந்தராஜ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். ரோஜா வரவில்லை, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அருணா இருவருக்கும் நடுவில் காகிதங்களை வைத்தாள்.

கலைப்பிரியா பையிலிருந்து ஊதா நைட்டியை எடுத்து மேஜைமேல் விரித்தாள். "புகாருக்கு இது உதவும்ல" என்றாள் அருணாவிடம்.

ஆனந்தராஜ் அதைக் கையில் எடுத்தான். துணிக்காரன் பழக்கம், முதலில் ஓரத்தை விரலால் தேய்த்தான். திருப்பினான். உள்பக்கத் தையலைப் பார்த்தான். லேபிளைப் பார்த்தான். பிறகு மறுபடி துணியைப் பார்த்தான்.

"இது யார் தச்சது?"

"யாருன்னு தெரியல. கலானந்த்னு சொல்லி ஆன்லைன்ல விக்கறான். கோட்டக்குப்பத்துல ஒருத்தங்க வாங்கி, எங்கிட்ட சண்டைக்கு வந்தாங்க."

அவன் நைட்டியை மடித்தான், மறுபடி பிரித்தான்.

"இதே பிரிண்ட் என் குடோன்ல முப்பது பீஸ் கிடக்கு" என்றான். "லேபிள் இல்லாம. போன மாசம் எடுத்தேன். இதுக்குத்தான் லேபிள் போடலாம்னு இருந்தேன்."

அருணா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். கலைப்பிரியாவுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஐந்து வருடங்களாகச் சேர்த்து வைத்தது. பஸ்ஸில் வரும்போது கூடச் சிலவற்றை ஒத்திகை பார்த்திருந்தாள். அவன் விரல்கள் அந்த ஓரத்தையே தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது அவற்றைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒரு தண்ணிக்கே சாயம் போயிடுச்சாம்" என்று மட்டும் சொன்னாள்.

"போகும்" என்றான் அவன். "எடுக்கறப்பவே தெரியும்."

பிறகு உறுதிமொழிக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தான். ஆங்கிலத்தில் இருந்தது. அருணா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். இந்தப் பெயரை உரிமையாளர்கள் உண்மையாகவே வியாபாரத்தில் பயன்படுத்தி வருகிறார்கள், கொடுத்திருக்கும் டேக் இப்போது விற்கும் பொருளில் உள்ளது, இது பொய்யானால் முகவரி ரத்தாகும்.

"உரிமையாளர்கள்னா ரெண்டு பேருமா?"

"ஒருத்தர் பயன்படுத்தினாலே போதுங்க, சார். இன்னொருத்தர் அத ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும்."

"அப்ப அத அப்பிடியே எழுதுங்க. உரிமையாளர்கள்னு போட்டா நானும் சேர்ந்து விக்கற மாதிரி ஆகும். நான் விக்கல." அவன் விரலால் மேஜையில் கோடு போட்டபடி, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்பவனைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "2020 ஜூன் மாசத்துலேர்ந்து இந்தப் பேர்ல நைட்டி தச்சு விக்கறது கலைப்பிரியா ஒருத்தர் மட்டும்தான். டேக்ல இருக்கிற அட்ரஸ் அவங்களோடது. அப்பிடிப் போட முடியுமா?"

"தாராளமாப் போடலாம்."

அருணா தட்டினாள். பிரிண்டர் வேலை செய்யாமல் இரண்டு தடவை நின்றது. அவள் கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போய் எடுத்து வருவதாகச் சொல்லி இறங்கினாள். அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"பாதிய எழுதிக் குடுன்னு கேப்பேன்னு நினைச்சீங்களா?" என்றாள் கலைப்பிரியா.

"கேப்பியா?"

"இன்னைக்கு கேக்கல."

"கேட்டாலும் இன்னைக்குக் குடுத்திருக்க மாட்டேன்" என்றான் அவன். கொஞ்சம் பொறுத்து, "அது நான் வச்ச பேரு" என்றான்.

"தெரியும்."

"பாக்கெட்டு வேணாம், துணி வீணாப் போகும்னு அப்ப சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

அருணா காகிதங்களோடு வந்தாள். சான்றிதழில் பெயர்கள் இருந்த வரிசைப்படி, முதலில் அவன் கையெழுத்துப் போட்டான், அடுத்து அவள். விண்ணப்பத்தில் இரண்டு பேருடைய பெயர்களும் இருந்தன. தொடர்பு எண் என்ற இடத்தில் எதைப் போடுவது என்று அருணா கேட்டபோது, "அவங்க நம்பரே போடுங்க, எனக்கு மெயில் வந்தா பார்க்கத் தெரியாது" என்றான் ஆனந்தராஜ். மெயிலையும் மாற்றினார்கள்.

படியிறங்கும்போது அவள் கேட்டாள். "அந்த முப்பது பீஸ என்ன பண்ணுவீங்க?"

"லேபிள் இல்லாமலே வித்துடுவேன். சாயம் போகும்னு சொல்லித்தான் விப்பேன். பாதி விலைக்குப் போகும்." மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்தான். "பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வர்றியா?"

"வேணாம், நடந்து போறேன்."

சரி என்று போய்விட்டான்.

*

பத்தொன்பதாம் தேதி அந்தக் கோடு நம்பர் வந்தது. அருணா அன்றைக்கே முகவரியைக் கேட்டு விண்ணப்பித்தாள். அந்தப் பெயருக்கு வேறு எந்த டிரேட்மார்க்காரரும் போட்டிக்கு வரவில்லை. மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், ஓவர்லாக் மெஷினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தபோது, கலைப்பிரியாவின் செல்போனுக்குத் தகவல் வந்தது. கலானந்த்.ஆடை இனி அவர்களுடையது. அன்புச்செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "தமிழ்லயே அடிக்கலாமா?" என்று கேட்டு, அன்புச்செல்வி தன் போனில் தானே எழுத்து எழுத்தாக அடித்துப் பார்த்தாள். வெள்ளைப் பக்கம் வந்தது. "ஒண்ணும் இல்லியே" என்றாள்.

"இனிமேதான் போடணும்."

பக்கம் தயாராக மூன்று வாரம் ஆனது. அளவுகள், நிறங்கள், திண்டிவனம் முகவரி, பாக்கெட்டின் உள்பக்கத்தைக் காட்டும் ஒரு படம். ஒவ்வொரு நைட்டியோடும் போகும் டேக்கில் புதிய முகவரியை அச்சடித்தாள். கோட்டக்குப்பத்துப் பெண் தன் தெருப் பெண்களின் குழுவில் அதை அனுப்பி வைத்தாள். அந்த டாட் காம் பக்கம் உடனே போய்விடவில்லை. அருணா கொடுத்த புகார் நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் இன்னும் இரண்டு பேர் ஏமாந்துவிட்டுப் போன் செய்தார்கள். அவர்களிடம் கலைப்பிரியா பொறுமையாகப் பேசி, எது தன்னுடையது என்று சொன்னாள். ஐந்தாவது மாதம் ஒருநாள் திறந்து பார்த்தபோது அந்தப் பக்கம் வரவில்லை.

பெயரில் ஆனந்தராஜின் பங்கு அப்படியே இருந்தது. டிரேட்மார்க்கை அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும், அப்போது மறுபடி இரண்டு கையெழுத்து வேண்டியிருக்கும் என்று அருணா சொன்னாள். வரட்டும் பார்ப்போம் என்றாள் கலைப்பிரியா. முன்பென்றால் அன்றைக்கே தூக்கம் போயிருக்கும். இப்போது அவளுக்கு வெட்ட வேண்டிய துணி நிறைய இருந்தது.

ஒரு நாள் ரோஜா வந்தாள். இந்த முறை அம்மாவுக்கு வாங்க வரவில்லை. கடைக்கு நாற்பது பீஸ் வேண்டும் என்றாள். "அவரு அனுப்பினாரா?" என்று கலைப்பிரியா கேட்டாள்.

"நான்தான் கேட்டேன். வாங்கி வான்னு சொன்னாரு. நீங்க வேணாம்னு சொன்னா போயிடறேன்."

கலைப்பிரியா கட்டிங் மேஜையிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மற்றக் கடைகளுக்குக் கொடுக்கும் அதே விலை, பணம் கட்ட அதே கெடு என்று சொன்னாள். ரோஜா சரி என்றாள். பிறகு இருவரும் கீழே உட்கார்ந்து நிறம் பிரித்தார்கள். ரோஜாவுக்கு அடர்ந்த நிறங்கள் பிடித்தன, விழுப்புரத்தில் வெளிர் நிறம் போகாது என்றாள். அன்புச்செல்வி டீ வாங்கி வரச் சொன்னாள். டீ வந்தது, ரோஜா குடித்துவிட்டுத்தான் போனாள்.

நாற்பதும் பத்து நாளில் தீர்ந்துபோயின. அடுத்த ஆர்டர் கொஞ்சம் தாமதமானது, துணி வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சேமித்து வைக்காத ஓர் எண்ணிலிருந்து கலைப்பிரியாவுக்கு அழைப்பு வந்தது.

"ஆனந்த் டெக்ஸ்டைல்ஸ் விழுப்புரத்துலேர்ந்து பேசறேன்" என்றது அவன் குரல். பின்னால் கடையில் ஆட்கள் பேசுவது கேட்டது. "பெரிய சைஸு ஒண்ணு கூட இல்ல. வந்து கேட்டுட்டுப் போறாங்க. எப்ப வரும்?"

"நாளைக்கு மத்தியானம் பார்சல்ல போட்டு விடறேன். டபுள் எக்ஸெல் பன்னெண்டு, எக்ஸெல் எட்டு. போதுமா?"

"மெரூன் இருக்குமா?"

"நாலு இருக்கும்."

மறுமுனையில் அவன் யாரிடமோ, நாளைக்கு வருதும்மா, மெரூனும் வருது என்று சொல்வது கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பினான்.

"சரிங்க" என்றான். "நாளைக்குப் பார்த்துக்கறேங்க."

அவள் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மெரூன் துணியை எடுத்து மேஜையில் விரித்தாள்.